‘ஜக்ஸ்டபொசிஷன்’: அருகருகே வைப்பதைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள், திரைப்படக் கட்டுரைகளைத் தமிழாக்கும் நண்பர்கள், கணக்காசிரியர் ஒருவர் எனப் பலரும் இந்த ஒரு சொல்லைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. ஒரு விடையில் சொன்னதை இன்னொரு விடையில் மறுபடி சொல்லவில்லை என்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

‘ஜக்ஸ்டபொசிஷன்’ என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

இரண்டு பொருள்களையோ அதற்கு மேற்பட்டவற்றையோ, இடையில் வேறெதுவும் வராமல், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைப்பதும், அப்படி வைக்கப்பட்டிருக்கும் நிலையும்.

இந்த விளக்கத்தில் செயலும் நிலையும் சேர்ந்தே இருப்பதைக் கவனிக்க வேண்டும். துணிக்கடையில் விற்பனையாளர் இரண்டு புடவைகளை எடுத்து அருகருகே விரிக்கிறார். அவர் செய்ததற்கும் இதுவே பெயர், விரித்த பிறகு அவை கிடக்கும் நிலைக்கும் இதுவே பெயர். ‘எதற்காக விரித்தார்’ என்ற கேள்விக்கு இந்தச் சொல்லில் விடை இல்லை. பின்னால் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

இது ஆங்கிலச் சொல்லா, பிரெஞ்சுச் சொல்லா? எப்போது வந்தது?

ஆங்கிலத்துக்கு இது 1660களில் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அறிஞர்கள் இரண்டு துண்டுகளை ஒட்டி இதை உருவாக்கினார்கள். முதல் துண்டு, ‘அருகில், ஒட்டினாற்போல்’ என்று பொருள்படும் ‘யுக்ஸ்டா’ என்ற இலத்தீன் சொல். இரண்டாவது, ‘வைத்தல்’ என்று பொருள்படும் ‘பொனெரெ’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சில் ஏற்கெனவே வழங்கிவந்த ‘பொசிசியோன்’. ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அருகு-வைப்பு’ என்பதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. இது மக்கள் வாயில் தேய்ந்து உருவான சொல் அல்ல. ஏட்டில் கட்டிய காரணப்பெயர்.

இதற்குரிய வினைச்சொல் ஆங்கிலத்தில் இன்றுள்ள வடிவில் 1851 அளவில்தான் பதிவாகிறது. தமிழில் ‘வை’ என்ற வினை முன்னே நிற்க ‘வைப்பு’ அதிலிருந்து பிறக்கிறது. இங்கோ பெயர் வந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழிந்த பின்னரே வினை வந்திருக்கிறது. ஏட்டுச் சொற்களின் பிறப்பு பல நேரங்களில் இப்படித் தலைகீழாக இருக்கும்.

இலத்தீனில் ‘யு’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஜ’ எப்படி வந்தது?

இலத்தீன் சொல்லின் முதலில் நின்ற யகர ஒலி, அதன் வழிவந்த மொழிகளில் படிப்படியாக ஜகரமாகத் திரிந்தது. இந்தத் திரிபு நமக்குப் புதிதன்று. நாம் யமுனை என்பதை இந்தி பேசுவோர் ஜமுனா என்கிறார்கள். நம் யந்திரம்தான் தில்லியின் ஜந்தர் மந்தரில் ‘ஜந்தர்’ ஆகி நிற்கிறது. இரண்டு நிலப்பரப்புகளிலும் ஒரே வகைத் திரிபு தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்குள் நுகத்தடி ஒளிந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரா?

விளையாட்டு இல்லை. ‘யுக்ஸ்டா’ என்பது இலத்தீனில் நுகத்தடியைக் குறிக்கும் ‘யுகும்’ என்ற சொல்லோடும், ‘சேர்த்துக் கட்டு’ என்று பொருள்படும் ‘யுங்கெரெ’ என்ற வினையோடும் ஒரே அடியில் பிறந்தது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல நெருங்கி நிற்பது என்பதே இச்சொல்லின் அடியில் கிடக்கும் படிமம்.

அந்த அடி இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவானது. சமஸ்கிருதத்தில் ‘யுக’ என்பதற்கு நுகம், இணை, ஊழி என்ற பொருள்கள் உண்டு. ‘யோகம்’, ‘யுக்தம்’ ஆகியவையும் அந்தக் குடும்பத்தவையே. கிரேக்கத்தில் நுகத்துக்கு ‘ஸைகோன்’ என்று பெயர். உயிரியல் பாடத்தில் வரும் ‘ஸைகோட்’ அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘யோக்’கும் இதே வேர்தான். நம் ‘நுகம்’ என்ற சொல்லையும் ‘யுகம்’ என்பதோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. எனவே யோகாசன வகுப்புக்குப் போகிறவரும் ஜக்ஸ்டபொசிஷன் பற்றிக் கட்டுரை எழுதுகிறவரும் ஒரே ஏரின் இரு பக்கங்களில் நடக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. வேர்ப்பொருளை இன்றைய பொருளாகக் கொள்ளக் கூடாது. நுகத்தில் பூட்டிய மாடுகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கின்றன. அருகருகே வைத்த இரண்டு பொருள்கள் சேர்ந்து எதையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பேருந்தில் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. கேட்டவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் விடை உண்மையாகவே ‘ஆம்’. ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல், பிற்கால இலத்தீனில் ‘அருகே கொண்டுவா’ என்று பொருள்பட்ட ‘அட்யுக்ஸ்டாரெ’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குள் இருப்பதும் அதே ‘யுக்ஸ்டா’தான். பின்னாளில் ‘நேர்மையான, சரியான’ என்று பொருள்படும் ‘யுஸ்டுஸ்’ என்ற வேறொரு இலத்தீன் சொல்லோடு மக்கள் அதைக் குழப்பிக்கொண்டதால், ‘சரிசெய்தல்’ என்ற பொருள் மேலோங்கியது. இருவர் இருக்கையில் மூன்றாவது ஆள் உட்கார இடம் கேட்கும்போது நாம் அந்தச் சொல்லை அதன் பழைய பொருளுக்கே திருப்பிக் கொண்டுபோகிறோம்.

ஐரோப்பிய வீரர்கள் குதிரைமேல் ஈட்டியோடு எதிரெதிரே பாய்ந்து மோதும் விளையாட்டைக் குறிக்கும் ‘ஜௌஸ்ட்’ என்ற சொல்லும் இதே குடும்பம். ‘நெருங்குதல்’ என்பது அங்கே ‘மோதுதல்’ ஆகிவிட்டது. அடுத்த கேள்விக்கு இது நல்ல முன்னுரை.

முரண்பட்ட இரண்டை வைத்தால்தானே ஜக்ஸ்டபொசிஷன்? எங்களுக்கு வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். முரண் கட்டாயம் இல்லை. மாளிகையையும் குடிசையையும் அருகருகே காட்டினாலும் ஜக்ஸ்டபொசிஷன். இரண்டு மாளிகைகளை அருகருகே காட்டினாலும் ஜக்ஸ்டபொசிஷனே. முதல் விடையில் சொன்னதுபோல, சொல்லுக்குள் இருப்பது அண்மை மட்டுமே.

பிறகு ஏன் எல்லாரும் முரணோடு சேர்த்தே சொல்கிறார்கள்? திறனாய்வாளர்கள் இச்சொல்லை எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் முரண் இருப்பதே காரணம். ஒத்த இரண்டு அருகருகே இருந்தால் நாம் கவனிப்பதில்லை. ஒவ்வாத இரண்டு இருந்தால்தான் ‘ஏன் இப்படி?’ என்று நிற்கிறோம். கவனித்த இடத்தில் மட்டும் ஒரு பெயரைப் பயன்படுத்திவந்தால், கவனிக்க வைத்த காரணமும் அந்தப் பெயரின் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பேச்சு வழக்கில் இந்த ஒட்டு இன்று மிக வலுவாக இருப்பதால், அதைத் தவறு என்று ஒதுக்கவும் நான் துணியவில்லை. ஆனால் மொழிபெயர்க்கிறவர் மூலத்தைப் பார்த்து, அங்கே ஆசிரியர் சொல்வது அண்மையையா, அண்மையால் எழுந்த முரணையா என்று பிரித்தறிந்தே ஆக வேண்டும்.

முரண் என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே செம்மையான பெயர்கள் இருக்கின்றன. சொல்லாலோ பொருளாலோ மாறுபட்டவற்றைத் தொடுப்பதற்கு யாப்பிலக்கணம் முரண்தொடை என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயர் பொருந்தும் இடத்தில் அதையே எழுதலாம்.

வெறுமனே பக்கத்தில் வைத்தால் புதுப் பொருள் எப்படி வரும்?

துணிக்கடைக்கே திரும்புவோம். மிஷெல் யூஜின் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸில் கோப்லான் திரைச்சீலைத் தொழிலகத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது, அங்கே நெய்யும் கறுப்பு நூல் அடர்த்தியாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், அதில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் அந்தக் கறுப்பு வெளிறித் தெரிந்தது. பக்கத்து நிறம் மாறினால் ஒரு நிறத்தின் தோற்றமே மாறுகிறது என்ற இந்த முடிவை விரிவாக்கி 1839இல் அவர் நூலாக வெளியிட்டார். பின்வந்த ஓவியர்கள் அதை ஊன்றிப் படித்தார்கள். அந்தக் கறுப்பு நூலிழையில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மாற்றம் நிகழ்ந்தது பார்க்கிறவரின் கண்ணில்.

திரைப்படத்தில் இதையே வேறு வகையில் காட்டியவர் ரஷ்யாவின் லெவ் குலெஷோவ். முதல் உலகப் போர் முடிந்த காலத்தை ஒட்டி, உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதே துண்டை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் இன்னொரு முறை சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துயரத்தையும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகம் ஒன்றுதான், உணர்ச்சியைக் கொண்டுவந்தவர்கள் பார்வையாளர்கள்.

அவருக்குப் பின் வந்த செர்கேய் ஐசன்ஸ்டைன், 1929இல் எழுதிய கட்டுரையில் சீன-ஜப்பானிய எழுத்துகளை எடுத்துக்காட்டினார். வாயைக் குறிக்கும் வடிவத்தையும் பறவையைக் குறிக்கும் வடிவத்தையும் சேர்த்து எழுதினால் ‘பறவை கூவுதல்’ என்ற பொருள் வருகிறது; இது கூட்டல் அல்ல, பெருக்கல் என்பது அவர் வாதம். அந்த எழுத்துகளில் மிகப் பல, ஒரு பகுதியில் ஒலியையும் மறுபகுதியில் பொருளையும் காட்டுபவை என்பதால், அவருடைய வாதத்தை எழுத்தியலாக எடுத்துக்கொள்ளாமல் திரைப்படக் கொள்கையாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

திரைப்படத்தில் ஒரு காட்சிக்குப் பிறகுதானே இன்னொன்று வருகிறது? அதை ‘அருகருகே’ என்று எப்படிச் சொல்லலாம்?

கூர்மையான கேள்வி. இடத்தில் அண்மை உண்டு என்பதுபோலக் காலத்திலும் அண்மை உண்டு. இலத்தீனிலும் ‘யுக்ஸ்டா’ இடத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தமிழிலும் ‘அடுத்த வீடு’ என்கிறோம், ‘அடுத்த நாள்’ என்றும் சொல்கிறோம், சொல் ஒன்றே. ஐசன்ஸ்டைன் இன்னும் ஒரு படி போய், இரண்டாவது காட்சி வரும்போது முதலாவது நினைவில் அழியாமல் நிற்பதால், அவை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகவே உணரப்படுகின்றன என்றார். எனவே திரைப்படத்தைப் பற்றி எழுதும்போது ‘அருகருகே’ என்பதைவிட ‘அடுத்தடுத்து’ என்பது பொருந்தும்.

சங்க இலக்கியத்தில் இது இருக்கிறதா? அல்லது உவமையைத்தான் இப்படிப் புதுப்பெயரில் சொல்கிறோமா?

இருக்கிறது, உவமையிலிருந்து வேறுபட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே பாட்டில் நிற்பதைக் காண, ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பரத்தை பேசுகிறாள். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் தலைவன் என்று தொடங்குகிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டு, தன் வீட்டுக்குப் போனதும், முன் நிற்பவர் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போலத் தன் மகனின் தாய்க்கு அவன் இசைந்து நடக்கிறான் என்று முடிக்கிறாள்.

பாவைக்கு ‘போல’ உண்டு. அது வெளிப்படையான உவமை. மாம்பழத்துக்கும் வாளைக்கும் ‘போல’ இல்லை. இலக்கணப்படி அந்தக் காட்சி ‘ஊரன்’ என்ற சொல்லுக்கு அடைமொழியாக மட்டுமே நிற்கிறது. ஆனால் பழம் தானே வந்து விழுகிறது, மீன் முயற்சியின்றிப் பெறுகிறது என்பதைத் தலைவன் பக்கத்தில் வைத்துப் படித்தவர், யார் பழம், யார் மீன் என்று தாமே கண்டுகொள்கிறார். இதைத்தான் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்று தனியே பிரித்து, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை அதற்கு நிலைக்களமாக வைத்தது. பெயரில் ‘உவமம்’ இருந்தாலும், உவம உருபும் இல்லை, ஒப்பிட்டுக் காட்டும் வாக்கியமும் இல்லை. பொருத்திப் பார்க்கும் வேலை முழுவதும் கேட்பவருடையது. ஜக்ஸ்டபொசிஷனுக்குத் தமிழ் மாணவர் எடுத்துக்காட்டுத் தேடி வெளியே அலைய வேண்டியதே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் ‘ஒப்பீடு’ என்றே மொழிபெயர்த்துவிடலாமே?

கூடாது. ஒப்பீடு என்பது முடிவைச் சொல்லிவிடுகிறது. அருகருகே வைத்தல் முடிவைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. விற்பனையாளர் இரண்டு புடவைகளை விரித்துவிட்டு ‘இதில் சரிகை அதிகம்’ என்று சொன்னால் அது ஒப்பீடு. விரித்துவிட்டுப் பேசாமல் நின்றால் அது வேறு. அனுபவமுள்ளவர்கள் பேசாமல்தான் நிற்பார்கள்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு நேரான சொல் எது? ‘தொகை’யா?

ஓரளவுக்குத் தொகைதான். தொல்காப்பியம் வேற்றுமைத்தொகை, உவமத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என ஆறு கூறுகிறது. ‘அவன் வீடு’ என்னும்போது ‘உடைய’ என்பதைச் சொல்லவில்லை. இரண்டு சொற்களை அருகில் வைத்தது போதுமானதாக இருக்கிறது. மொழியியலாளர்கள் பல மொழிகளில் காணும் இத்தகைய உருபற்ற இணைப்பையும் ஜக்ஸ்டபொசிஷன் என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் ‘எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய’ என்பது தொல்காப்பியரின் விதி. தொகையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அருகருகே வைத்தவையோ கடைசிவரை இரண்டாகவே இருக்கின்றன. அந்த அளவில் இரண்டும் வேறு. ஆறனுள் எனக்கு மிகவும் பிடித்தது அன்மொழித்தொகை. ‘பொற்றொடி வந்தாள்’ என்னும்போது பொன்னும் வரவில்லை, தொடியும் வரவில்லை. இரண்டுக்கும் வெளியே உள்ள ஒரு பெண் வருகிறாள். ஐசன்ஸ்டைன் பெருக்கல் என்று சொன்னதற்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ப் பெயர் இதுவே என்பது என் கருத்து.

இன்னும் நேரான சொல் ஒன்று உண்டு: அண்மை. ஒரு வாக்கியம் பொருள்தர அவாய்நிலை (ஒரு சொல் இன்னொன்றை வேண்டி நிற்றல்), தகுதி (சொற்களின் பொருள் ஒன்றோடொன்று பொருந்துதல்), அண்மை ஆகிய மூன்றும் வேண்டும் என்பது வடமொழித் தருக்க நூலார் வழிவந்து தமிழ் இலக்கண உரைகளிலும் பேசப்படும் கொள்கை. அன்னம்பட்டரின் தருக்க நூல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ‘பசுவை’ என்பதை ஒரு சாமத்திலும் ‘கொண்டுவா’ என்பதை அடுத்த சாமத்திலும் சொன்னால், சொற்கள் சரியாக இருந்தும் கேட்பவருக்குப் பொருள் விளங்காது. அண்மை இல்லாமையே காரணம். அங்கே அண்மை என்பது அழகுக்கான உத்தி அல்ல, பொருள் பிறப்பதற்கான நிபந்தனை.

அடுக்குத்தொடரும் இரட்டைக்கிளவியும் இதில் சேருமா?

அடுக்குத்தொடரை வேண்டுமானால் சேர்க்கலாம். ‘பாம்பு பாம்பு’ என்பதில் ஒரு முழுச்சொல் தன் பக்கத்திலேயே தான் நிற்கிறது. பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள்தரும். ‘சலசல’ என்பதைப் பிரித்தால் ‘சல’ தனியே நிற்காது. ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது நூற்பா. அருகருகே வைக்க முதலில் இரண்டு தனிப்பொருள்கள் இருக்க வேண்டும். இரட்டைக்கிளவியில் அவை இல்லை.

சரி, தமிழில் ஒரே சொல்லாக எதை எழுதுவது?

கலைச்சொல்லாக வேண்டுமென்றால் ‘அருகமைவு’ என்று எழுதுகிறேன், வினையாக ‘அருகமைத்தல்’. உரைநடையின் ஓட்டத்தில் ‘அருகருகே வைத்தல்’ என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. கால வரிசைக்கு ‘அடுத்தமைவு’. மூலத்தில் முரண் அழுத்தமாக இருந்தால் ‘எதிரெதிரே நிறுத்தல்’. எல்லா இடத்திலும் ஒரே சொல்லைத்தான் போட வேண்டும் என்ற பிடிவாதம் அகராதி செய்கிறவருக்கு வேண்டும். கட்டுரையை மொழிபெயர்க்கிறவருக்கு வேண்டியதில்லை.

தமிழில் நெருக்கத்தைக் குறிக்கும் அடிச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ‘அண்’ என்பதிலிருந்து அண்மை, அண்டை, அணுகு. ‘அடு’ என்பதிலிருந்து அடுத்த, அடுக்கு. இவற்றோடு அருகு, ஒட்டு, நிரை. ஆயினும் ‘அருகு’ என்பதில் ஒரு கண்ணி உண்டு: ‘அருகுதல்’ என்றால் குறைந்துபோதல் என்றும் பொருள். ‘அருகிவரும் உயிரினங்கள்’, ‘அருகிய வழக்கு’ என்று எழுதுகிறோம் அல்லவா? ஆகையால் ‘அருகல்’, ‘அருகிய’ என்ற வடிவங்களைக் கலைச்சொல்லாக்கினால் படிப்பவர் அரிதாதல் என்று புரிந்துகொள்வார். ‘அமைவு’ என்ற பின்பாதி அந்த ஐயத்தைத் தடுக்கிறது.

‘இணைவைப்பு’ அழகாக இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சொல்லுக்குச் சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நுகத்தடியின் நினைவும் அதில் வருகிறது. ஆனால் தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் ‘இணைவைத்தல்’ என்பது இறைவனுக்கு நிகராக மற்றொன்றைக் கொள்ளும் பெரும்பாவத்தைக் குறிக்கும், நன்கு வேரூன்றிய சமயச் சொல். திருக்குர்ஆன் தமிழாக்கங்களிலும் சொற்பொழிவுகளிலும் அது இடையறாது வருகிறது. ‘இந்த ஓவியர் இணைவைப்பில் வல்லவர்’ என்று எழுதினால், தமிழ் வாசகர்களில் ஒரு பெரும்பகுதியினருக்கு அது கலைப்பாராட்டாகப் படாது. ஒரு பயிற்சிப் படியில் நானே அப்படி எழுதி, மாணவி ஒருவர் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

கணக்கில் 2x என்று எழுதுவதும் ஜக்ஸ்டபொசிஷன் என்கிறார்கள். அங்கே என்ன பொருள்?

அங்கே பொருள் பெருக்கல். பெருக்கற்குறி இல்லாமல் எண்ணையும் எழுத்தையும் ஒட்டி எழுதினாலே பெருக்கல் என்பது இயற்கணிதத்தின் உடன்பாடு. ஆனால் 23 என்று இரண்டு இலக்கங்களை ஒட்டி எழுதினால் அது 6 அல்ல; இடமதிப்பின்படி இருபத்து மூன்று. 2½ என்று எழுதினால் 2ஐயும் ½ஐயும் கூட்ட வேண்டும். ஆக, ஒரே அண்மைக்குப் பெருக்கல், இடமதிப்பு, கூட்டல் என மூன்று பொருள்கள் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. ‘அருகில் வைத்தால் தானாகவே ஒரு பொருள் வரும்’ என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. என்ன பொருள் வரும் என்பதைப் படிப்பவர் கற்ற மரபு முடிவு செய்கிறது.

மரபு தெளிவாக இல்லாத இடத்தில் சண்டை வரும். 2019இல் 8÷2(2+2) என்ற கணக்கு உலகம் முழுவதும் சுற்றியது நினைவிருக்கும். இடமிருந்து வலமாகச் செய்தால் 16. ஒட்டி எழுதிய 2(2+2) என்பதை ஒரே கட்டாகக் கொண்டு முதலில் பெருக்கினால் 1. ஒட்டி எழுதுவது குறியிட்டு எழுதுவதைவிட இறுக்கமான பிணைப்பா என்பதே சிக்கலின் உயிர்நாடி. ‘எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய’ என்பதை ஏற்கிறவர் 1 என்பார் என்று அந்தக் கணக்காசிரியரிடம் சொன்னேன். அவர் ரசித்தார், ஆனால் தம் விடையை மாற்றிக்கொள்ளவில்லை. அடைப்புக்குறி ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருந்தால் சிக்கலே இல்லை.

பிளஸ் டூ உயிரியலில் ‘ஜக்ஸ்டா’ என்று தொடங்கும் சொற்கள் வருகின்றனவே?

அதே ‘யுக்ஸ்டா’தான். சிறுநீரகத்தில் குளோமெருலஸ் என்னும் நுண்குழல் முடிச்சை ஒட்டி அமைந்த பகுதி ‘ஜக்ஸ்டாகுளோமெருலர்’. சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவை ஒட்டியது ‘ஜக்ஸ்டாமெடுல்லரி’. முன்னொட்டை ‘ஒட்டிய’ என்று படித்துக்கொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பழைய இயற்கை வரலாற்று நூல்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு தனிப்பயன் இருந்தது. கற்களும் படிகங்களும் வெளியே துகள் மேல் துகளாக ஒட்டி வளர்கின்றன. செடிகளும் விலங்குகளும் உணவை உள்ளே ஏற்று வளர்கின்றன. முதல்வகை வளர்ச்சியை ஜக்ஸ்டபொசிஷன் என்றும், இரண்டாவதை உள்ளேற்பு என்ற பொருளுள்ள வேறு பெயராலும் குறித்து, உயிருள்ளவற்றை உயிரற்றவற்றிலிருந்து பிரித்தார்கள். 18ஆம், 19ஆம் நூற்றாண்டு நூல்களை மொழிபெயர்க்கிறவர்கள் இந்தப் பொருளை மறந்துவிடக் கூடாது; அங்கே ‘புறப்படிவு’ என்பதுபோல எழுதினால்தான் விளங்கும்.

அப்பொசிஷன், கொலொகேஷன் என்றெல்லாம் வருகின்றனவே, எல்லாம் ஒன்றா?

மூன்றிலும் ‘வைத்தல்’ இருக்கிறது. வைக்கும் முறைதான் வேறு. அப்பொசிஷனில் அருகிலுள்ள இரண்டு பெயர்களும் ஒரே ஆளையோ பொருளையோ குறிக்க வேண்டும்: ‘என் தம்பி முருகன்’ என்பதில் தம்பியும் முருகனும் ஒருவரே. கொலொகேஷன் என்பது ஒரு மொழியில் வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களின் பழக்கம்: மழை ‘கொட்டும்’, வெயில் ‘கொளுத்தும்’, மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஜக்ஸ்டபொசிஷனுக்கு இந்த நிபந்தனைகள் ஏதும் இல்லை. பழக்கத்தில் இல்லாத இரண்டைச் சேர்த்து வைக்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது என்பதையும் மேலே பார்த்தோம்.

நாளிதழில் வறட்சிச் செய்தியும் நகை விளம்பரமும் தற்செயலாக ஒரே பக்கத்தில் வந்துவிட்டால்? வைத்தவர் எண்ணாததையும் ஜக்ஸ்டபொசிஷன் என்று சொல்லலாமா?

நிலை என்ற பொருளில் தாராளமாகச் சொல்லலாம்; பக்கத்தில் பக்கத்தில் இருப்பது உண்மைதானே. செயல் என்ற பொருளில் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். ‘இதழ் இவ்விரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது’ என்று எழுதினால், எண்ணாத ஒரு நோக்கத்தை அந்த இதழின் தலையில் ஏற்றிவிடுகிறோம். ‘இவ்விரண்டும் அருகருகே அமைந்திருக்கின்றன’ என்று தன்வினையில் எழுதினால் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்து நழுவிக்கொள்கிறது. தமிழில் ‘அமைந்த’ என்பதா, ‘அமைத்த’ என்பதா என்று ஓர் எழுத்தில் முடிவு செய்தாக வேண்டும்.